உடற்கல்விப் பாடவேளையும் இருதய நலமும்

எமது கல்லூரித் தாயின் வைரவிழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவனிடம் கட்டுரை கேட்டால், அவன் சங்க இலக்கியத்தைப் பற்றியோ சமய குரவரைப் பற்றியோ எழுதுவான் என்று மலர்க்குழுவினர் எதிர்பார்த்திருத்தல் கூடும். யான் எழுதப் புகுந்ததோ இருதயத்தைப் பற்றி. அதுவும் புலவர் பாடும் இதயமன்று. நெஞ்சுக்கூட்டினுள் இரவு பகலாக ஓயாது இரத்தத்தைச் செலுத்திக்கொண்டிருக்கும் தசையுறுப்பு. யான் மருத்துவன் அல்லேன். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப்பத்திரம் ஒன்றே என் கையில் உள்ளது. ஆயினும் எழுதாதிருக்க மனம் இடந்தரவில்லை.

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன் ஒருவன், தடைதாண்டி ஓட்டத்தில் எம் இல்லத்துக்கு ஆண்டுதோறும் புள்ளி பெற்றுத் தந்தவன், தன் 44ஆம் வயதில் மாரடைப்பினால் இறந்தான். மாலை ஆறு மணியளவில் நெஞ்சில் இறுக்கம் கண்டது, இடக்கை உளைந்தது, வியர்வை பெருகியது. வாய்வுக் குணம் என்று எண்ணி, இஞ்சித் தேநீரும் பின்னர் சோடாவும் அருந்திவிட்டுச் சாய்மனைக் கதிரையில் இரண்டரை மணி நேரம் கிடந்தான். அயலவர் முச்சக்கரவண்டி பிடித்து வைத்தியசாலை வாயிலை அடையுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தாற் கட்டணமின்றி நோயாளர் காவுவண்டி வரும். வட மாகாணத்திலும் 2018 முதல் அச்சேவை உண்டு. அவ்விலக்கம் அவன் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியிலேயே அச்சாகியிருந்ததைச் செத்தவீட்டன்று கண்டேன். நெஞ்சு இறுகி வியர்த்தால், அது வாய்வா அன்றா என்று தீர்மானிக்கும் பொறுப்பு வைத்தியருடையது. அதனைச் சோடாப் போத்தலிடம் ஒப்படைத்தல் எத்துணைப் பெரும் பிழை!

அவன் சாவு விதிவசம் என்றனர் உறவினர். விதியை மறுத்து வாதாட யான் வரவில்லை. ஆனால் இலங்கையும் உட்பட 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றுண்டு. கேரளத்திற் பிறந்த சலீம் யூசுப் என்னும் இருதய மருத்துவ அறிஞர் அதற்குத் தலைமை தாங்கினார். புகைத்தல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தக் கொழுப்பு, வயிற்றுப் பருமன், மனவழுத்தம், உடலுழைப்பின்மை, காய்கனி குறைந்த உணவு முதலாய ஒன்பது காரணிகளே முதன் மாரடைப்பின் ஆபத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கை விளக்கிவிடுகின்றன என்று அவ்வாராய்ச்சி கண்டது. அதன் தொடர்ச்சியாக 2007இல் வந்த ஆய்வோ எம்மவரை இன்னும் திடுக்கிடச் செய்வது. தென்னாசியருக்கு முதன் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. ஏனைய நாட்டாருக்கு அது 59ஐ அண்மியது. இலண்டனிலிருந்தும் தொரன்றோவிலிருந்தும் விழாவுக்கு வந்திருக்கும் அன்பர்களும் இக்கணக்குக்கு வெளியே நிற்பவரல்லர். கடல் கடந்து குடியேறிய தென்னாசியரிடத்தும் இந்நோய் மிகுதியென்பது நன்கறியப்பட்ட செய்தி.

என் கதையும் இதுவே. அன்னையாரைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்ற நாளில், சும்மா இருப்பானேன் என்று யானும் கையை நீட்டினேன். 160க்கு 100 என்றது கருவி. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. முதல் நாள் மாலை இரண்டு மணி நேரம் நின்றபடியே பாடம் நடத்தியிருந்தேன். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் குறிகாட்டாத நோய் என்பதை அன்றுதான் அறிந்தேன். என்ன உண்பீர் என்று வினவிய தாதியாரிடம் யான் ஒப்புவித்த பட்டியலைக் கேட்டு அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். நாளுக்கு ஐந்து முறை தேநீர், முறைக்கு மூன்று கரண்டி சீனி. நண்பகற் சோற்றுக்குக் கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளம். மாலையில் ஒரு பொதி மிக்சர். நாளொன்றுக்கு வளர்ந்தவருக்குப் போதிய உப்பு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் மோர்மிளகாயும் கருவாடும் அக்கரண்டியை நண்பகலிலேயே நிரப்பியிருக்கும். ஆனையிறவு உப்பை யான் பழிக்கவில்லை. என் நாவைப் பழிக்கின்றேன். இன்று தேநீர் வெறுந்தேநீர்; கடித்துக்கொள்ளச் சிறு துண்டுப் பனங்கட்டி. அதுவும் சீனியின் உடன்பிறப்பே என்று தாதியார் எச்சரித்தார். ஆதலாற் துண்டு மிகச் சிறிது.

தேங்காயெண்ணெய் நல்லதா தீயதா என்னும் வழக்கு எம் வீடுகளில் தீர்ந்தபாடில்லை. அதன் நிறைவுற்ற கொழுப்பு இரத்தத்திற் கெட்ட கொலஸ்திரோலை உயர்த்தும் என்பது மட்டும் தெளிவு. கறிக்குப் பால் பிழிவோர் கையைச் சற்றே குறுக்குக. புகையிலை பற்றியோ வழக்கே இல்லை. எம் குடாநாட்டின் செம்மண் பல தலைமுறைகளுக்குச் சுருட்டினாற் சோறு போட்டது உண்மை; நெஞ்சைச் சுட்டதும் உண்மை. புகைத்தலை விட்ட ஓராண்டில், அதனால் வந்த இருதய நோயின் மிகை ஆபத்து ஏறக்குறைய அரைவாசியாகும் என்பதைப் புகைக்கும் அன்பர்கள் கருத்திற் கொள்வாராக.

உடலுழைப்பைப் பற்றியே யான் விரித்துரைக்க விரும்புகின்றேன். 1953இல் ஜெரமி மொரிஸ் என்பார் இலண்டன் மாடிப் பேருந்துகளிற் பணிபுரிந்தோரை ஆராய்ந்தார். சாரதி நாள் முழுதும் இருந்த இருக்கையில் இருப்பவர். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்குபவர். ஒரே வண்டி, ஒரே தெரு. ஆயினும் நடத்துநரிடையே இருதய நோய் சாரதியரினும் வெகுவாகக் குறைந்திருந்தது. (அத்தகைய இலண்டன் வண்டிகள் பின்னர் இலங்கைத் தெருக்களிலும் ஓடின, எம் நடத்துநர்களை எவரும் எண்ணிப் பார்த்ததாக யான் கேள்விப்படவில்லை.) எம் பாட்டன்மாரை ஆராய ஒரு மொரிஸ் வந்திருப்பின் அவர் துலாவின் மேல் ஏறியிருப்பார். விடியுமுன் துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்தவருக்குத் தேகாப்பியாசம் என்ற சொல்லே வேண்டியிருந்ததில்லை. துலா போய் இயந்திரம் வந்தது, அது நல்லதே. 1990இன் பின் பெற்றோல் வராத காலத்தில் ஊரே துவிச்சக்கரவண்டியில் ஏறியது. யானும் நாள்தோறும் ஆறு கட்டை மிதித்தே இக்கல்லூரிக்கு வந்தேன். அந்நாள்கள் மீளவேண்டுமென்று எவரும் விரும்பார். 2022இல் எரிபொருள் தட்டுப்பட்டபோது மீண்டும் வண்டிகளைத் தூசு தட்டினோம். வரிசை குறைந்தவுடன் அவற்றை மீண்டும் கொட்டிலிற் சாத்தினோம். வறுமையும் போரும் மிதிக்கச் செய்தபோது மிதித்த கால்கள், தாமாக மிதிக்க மறுப்பதேன்?

இனிக் கல்லூரிக்கு வருவோம். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எம் மாணவனோ ஏழரை முதல் ஒன்றரை வரை வாங்கில், பின்னர் இரவு வரை தனியார் வகுப்பு வாங்கில். எஞ்சியது உடற்கல்விப் பாடவேளை ஒன்று. அதனையும் தவணைப் பரீட்சை நெருங்கும்போது கடன் வாங்கும் ஆசிரியருள் யானே முதல்வன். ஒன்பதாந் தரத்து மாணவரை மைதானத்திலிருந்து திருப்பியழைத்துத் திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தைக் கற்பித்தேன். ‘மருந்து’ என்பது அதன் பெயர். மருந்தொன்றின் பெயரும் அதில் இல்லை, உண்ணும் முறையையே பெரிதும் உரைப்பது. அதனை உரைத்த வாயால் மிக்சர் உண்டேன், அதனைக் கேட்ட பிள்ளைகளின் ஓட்டத்தையும் பறித்தேன். மைதானமும் மாலையில் அணிகளுக்கு மட்டும் உரியதாய் இருக்கிறது. பதினொருவர் ஆடப் பல நூற்றுவர் பார்ப்பர். அப்பதினொருவரும் என் நண்பனைப் போலக் கல்லூரியை விட்டபின் ஓடுவதில்லை. சிற்றுண்டிச்சாலையைப் பற்றி ஒரு சொல். மென்பானங்களிற் சீனியின் அளவை நிறத்தாற் காட்டும் குறி 2016இல் வந்தது. சிவப்புக் குறி கண்டால் மாணவர் அஞ்சுவர் என்று நம்பினோம். சிவப்பு எங்கள் இல்லத்து நிறம், சேர் என்றான் ஒரு பையன்.

விழா நிதியிலிருந்து துவிச்சக்கரவண்டிக் கொட்டகையை அகற்றி மோட்டார் வாகனத் தரிப்பிடம் அமைக்க வேண்டும் என்று பழைய மாணவர் கூட்டமொன்றில் ஒரு யோசனை எழுந்தது. யோசனை சொன்னவர் எனக்கு மூத்தவர், கல்லூரிக்கு வாரி வழங்கியவர். அவரை மதித்தே மறுக்கின்றேன். கொட்டகையைப் பெருப்பிக்கட்டும், கூரை ஒழுகாமல் வேயட்டும், மைதானத்தைச் சுற்றி நடைபாதை ஒன்று போட்டு, மாலையில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஊரவருக்கும் திறந்து விடட்டும். கார்கள் வெளியே தெருவோரத்தில் நிற்கலாம்; வாயிலிலிருந்து மண்டபத்துக்கு நடக்கும் தூரம் எவரையும் கொல்லாது.

வெள்ளிக்கிழமை ஆறாம் பாடவேளை ஒன்பதாந் தரத்துக்கு உடற்கல்வி. சென்ற தவணை முதல் யான் அதனைக் கேட்பதில்லை. கணித ஆசிரிய நண்பர் இப்போது அதனை வாங்கிக்கொள்வதாகக் கேள்வி. மலரின் முதற் பிரதியை அவர் கையிற் சேர்க்குமாறு மலர்க்குழுவினரைக் கேட்டிருக்கின்றேன்.