பல்லுக்குப் பல் ஓர் அடையாளம்

பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்ட குழந்தைகள் இந்நாளில் வகுப்புக்கு இரண்டொருவராவது இருக்கிறார்கள். அவர்கள் சிரிக்கும்போது வரிசையாக மின்னும் உலோகப் பொட்டுக்களைப் பார்த்து, எல்லாம் ஒரே அச்சில் வார்த்த துண்டுகள் என்று எண்ணுவோர் அநேகர். அவ்வாறு எண்ணுவது தவறு. மேல்வரிசையில் பத்து, கீழ்வரிசையில் பத்து என்று சாதாரணமாக ஒட்டப்படும் இருபது துண்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனி இடம் உண்டு. ஒன்றின் ஸ்தானத்தில் மற்றொன்று போய் உட்கார்ந்தால், நேராக்க வேண்டிய பல்லைப் பணம் கொடுத்துக் கோணலாக்கிக்கொண்டதாக முடியும். உளுந்தைவிடச் சிறிய இந்தத் துண்டுகளுக்கு எப்படிப் பெயரிட்டு வைக்கிறார்கள் என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

முற்காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இருக்கவில்லை. அமெரிக்க வைத்தியர் எட்வர்டு ஆங்கிள் 1920-களில் சதுர வாய் கொண்ட பிராக்கெட்டை அமைத்தபோது, துண்டு எல்லாப் பற்களுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வேறுபாட்டையெல்லாம் வைத்தியர் தம் கையிலுள்ள குறட்டைக் கொண்டு கம்பியில் வளைத்துக் காட்டினார். இந்தப் பல்லுக்கு இவ்வளவு சாய்வு, அந்தப் பல்லுக்கு இவ்வளவு முறுக்கு என்று கம்பியை ஒடித்து ஒடித்து வளைக்க வேண்டும். அன்றியும் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டி, பிராக்கெட்டை அதன்மேல் பொருத்தி வந்தார்கள். 1955-இல் மைக்கேல் பூனகோர் என்பவர், பல்லின் மேற்பூச்சை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் நன்றாகப் பற்றுகிறது என்று காட்டினார். அதன் பயனாகப் பிற்காலத்தில் முன்பற்களிலிருந்து வளையம் நீங்கியது. துண்டு நேராகப் பல்லின் மீதே ஒட்டப்பட்டது.

அடுத்த பெரிய மாறுதலைச் செய்தவர் கலிபோர்னியாவில் சான் டியேகோ நகரத்து லாரன்ஸ் ஆண்ட்ரூஸ். எந்த வைத்தியமும் செய்துகொள்ளாமலே அழகாக அமைந்த 120 பல்வரிசைகளின் மாதிரிகளை அவர் ஆராய்ந்து, முடிவுகளை 1972-இல் வெளியிட்டார். கம்பியை வளைப்பானேன், வளைவை எல்லாம் பிராக்கெட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் கம்பி நேராக ஓடுமல்லவா என்பது அவருடைய யோசனை. வைத்தியரின் கைச் சிரமம் குறைந்தது. ஆனால் அன்று முதல் ஒவ்வொரு துண்டும் ஒரு பல்லுக்கே உரிமைப்பட்டதாகிவிட்டது. குறட்டின் வேலை போய்க் குறியின் வேலை வந்தது.

அவருடைய கணக்கில், மேல் வரிசையின் நடுப்பல்லுக்குச் சாய்வு 5 பாகை. அதற்கு அடுத்த பல்லுக்கு 9 பாகை. கோரைப்பல்லுக்கு 11 பாகை. இந்தச் சாய்வு முகத்தின் நடுக்கோட்டை நோக்கியது. வலது பக்கத்துப் பல்லுக்குரிய துண்டை இடது பக்கத்தில் ஒட்டினால், 9 பாகை உட்புறம் சாய வேண்டிய பல் 9 பாகை வெளிப்புறம் சாயும். வித்தியாசம் 18 பாகை. மெல்லிய கம்பி இருக்கும் ஆரம்ப மாதங்களில் இது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. தடித்த கம்பி ஏறிய பிறகே பல் திரும்பத் தொடங்கும். அதற்குள் குழந்தையின் மாதங்களும் பெற்றோரின் ரூபாயும் செலவாகியிருக்கும்.

தலைகீழாக ஒட்டினால் என்ன ஆகும் என்பது இன்னும் வேடிக்கையானது. வாசகர்கள் ஒரு பலகையில் சாய்கோடு ஒன்று இழுத்து, பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கலாம்: கோட்டின் சாய்வு மாறாது. அதுபோலவே தலைகீழான துண்டிலும் பக்கச் சாய்வு சரியாகவே இருக்கும். முன்னும் பின்னுமான முறுக்கு மட்டும் நேர் எதிராகிவிடும். இப்போது பலரும் கையாளும் மெக்லாலின், பென்னட், டிரெவிசி மூவரின் அளவுப்படி, மேல்வரிசை இரண்டாம் பல்லுக்கு முறுக்கு 10 பாகை. தலைகீழானால் அது எதிர்ப்பக்கம் 10 பாகை. இதைச் சில சமயம் வைத்தியர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள். அந்தப் பல் அண்ணத்தின் பக்கம் ஒதுங்கி முளைத்திருந்தால், தலைப்பாகம் முன்னே வந்தும் வேர் பின்னாலேயே தங்கிவிடும். அந்த வேரையும் முன்னே தள்ள இந்த யுக்தி உதவுகிறது.

இனி அடையாளத்துக்கு வருவோம். பெரும்பாலான துண்டுகளில், நான்கு சிறகுகளில் ஒன்றின் மேல் ஊசிமுனையளவு வர்ணப் பொட்டு இருக்கும். ஈறுப் பக்கமும் கடைவாய்ப் பக்கமும் சேரும் மூலையில் அதை வைப்பது வழக்கம். நிறம் எந்தப் பல் என்று சொல்லும். பொட்டு இருக்கும் மூலை எது மேல், எது பின் என்று சொல்லும். ஒரு புள்ளியில் இரண்டு செய்தி! இதை நாம் மெச்சுகிறோம். ஆயினும் நிறங்களின் வரிசை உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடுகிறது. ஒருவரிடம் சிவப்பு என்றால் ஒரு பல், மற்றொருவரிடம் வேறு பல். சிவப்புக்கும் பச்சைக்கும் பேதம் காணாத கண்ணுடைய மனிதரும் உலகில் உண்டு. தவிர, பல் துலக்கும் தூரிகைக்கும் உணவுக்கும் முன்னால் வர்ணம் நெடுநாள் நிற்பதில்லை.

சலவைக்காரர்கள் நம் வேஷ்டி ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் இட்டுவந்த குறி இங்கே நினைவுக்கு வருகிறது. எத்தனை வெள்ளாவி கண்டாலும் போகாத குறி அது. வேஷ்டி கிழியும், குறி இருக்கும். பல் வைத்தியத்தில் அதற்கு நிகரானது லேசர் ஒளியால் உலோகத்திலேயே பொறிக்கும் எண். அழியாது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பொறிக்க இடம் வேண்டுமே! அடிப்பாகத்தில் பொறித்தால், ஒட்டிய மறுகணமே பிசினுக்குள் மறைந்துவிடும். முகத்தில் பொறித்தால், கிளிப் வெளியே தெரியக்கூடாது என்று பீங்கான் துண்டு கேட்டு வாங்கும் பெண்கள் சம்மதிப்பார்களா? அவர்களுக்காகவே, நீர் பட்டால் கரைந்துபோகும் சாயத்தில் குறியிட்ட துண்டுகளும் இருக்கின்றன. ஒட்டும் வரை வழிகாட்டிவிட்டு மறைந்துவிடும் அடையாளம் அது.

எண் என்றதும் மற்றொரு சங்கடம். எந்த எண்? 1861-இல் வியன்னா நகரத்து அடால்ப் ஜிக்மாண்டி, வாயை நான்கு கால்பங்காகப் பிரித்து நடுவிலிருந்து எண்ணும் முறையை வகுத்தார். அதில் 8 என்றால் ஞானப்பல். அமெரிக்கர்கள் 1 முதல் 32 வரை ஒரே ஓட்டமாக எண்ணுகிறார்கள். அதில் 8 என்றால் மேல்வரிசையில் வலது நடுப்பல்! 1971 முதல் உலகில் பரவிய ஈரெண் முறையில் அதே பல் 11. அதைப் ‘பதினொன்று’ என்று சொல்லாமல் ‘ஒன்று ஒன்று’ என்று சொல்ல வேண்டும்: முதல் ஒன்று மேல் வலப்பங்கு, இரண்டாவது நடுப்பல். வலம் என்பது நோயாளியின் வலம், எதிரே நிற்பவரின் வலம் அன்று. நிறத்தைவிட இந்த ஈரெண் பொறித்த துண்டே மேலானது என்பது நம் அபிப்பிராயம். நிறத்துக்கு அட்டவணை தேட வேண்டும். எண் தானே பேசும்.

எல்லாத் துண்டுகளுக்கும் இவ்வளவு கண்டிப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்சொன்ன மூவரின் அளவில் கீழ்வரிசை முன்பற்கள் நான்குக்கும் சாய்வு பூஜ்யம், முறுக்கும் ஒன்றே. அங்கே இடம் மாறினாலும் பாதகமில்லை.

வீட்டிலுள்ளோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. வைத்தியம் நடுவில் இருக்கும்போது ஊர் மாற நேர்ந்தால், சிகிச்சைக் குறிப்பைக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். வேண்டுமென்றே தலைகீழாக ஒட்டிய துண்டைக் குறிப்பில்லாமல் பார்க்கும் புது வைத்தியர், பொட்டு தவறான மூலையில் இருக்கிறதென்று நினைத்துத் திருத்த முற்படலாம். மற்றொன்று, துண்டு பெயர்ந்துகொள்வது. கடலை மிட்டாயும் முறுக்கும் தின்னும் வயதில் அது நடக்கத்தான் செய்யும். பெயர்ந்த துண்டு பெரும்பாலும் கம்பியிலேயே கோத்தபடி தொங்கும். அதைப் பிடுங்காமல், அப்படியே வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். கம்பியில் அது தொங்குகிற இடமே எந்தப் பல்லுடையது என்று சொல்லிவிடும். தனியே கழன்று கைக்கு வந்துவிட்டாலோ, பொட்டின் வர்ணம் என்றோ போயிருக்கும். அடியிலுள்ள எண்ணைப் பிசின் மூடியிருக்கும். ஆகவே சிறு டப்பியில் போட்டு, எந்தப் பக்கத்து எத்தனையாவது பல், என்ன தேதி என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.