சின்ன வேலைக்கு ஆள் வேண்டுமென்றால்

"சின்ன வேலைக்கு ஆளே வர மாட்டேங்கிறாங்க சார்" என்று சொல்லாத ஓய்வூதியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. காலை நடையில், வங்கி வரிசையில், கல்யாணப் பந்தியில், எங்கே நாலு பேர் கூடினாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். குழாய் சொட்டுகிறது, மொட்டை மாடியில் தட்டோடு பெயர்ந்திருக்கிறது, கொல்லைக் கதவு மழையில் ஊதிக்கொண்டு மூட மறுக்கிறது. கூப்பிட்டால் "நாளைக்கு வரேன்" என்கிறார்கள். அந்த நாளை வருவதேயில்லை.

எனக்கு இதில் வேறு அபிப்பிராயம். ஆள் இருக்கிறார். அவர் நம் தெருவிலேயே தங்கிப் பிழைக்கிற மாதிரி நாம் வேலை கொடுப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்த கொத்தனாருக்கு ஒரு நாள் கூலியாக 1,200 ரூபாய் கொடுத்தேன். அவரைக் குழாய்க்கு வாஷர் மாற்றக் கூப்பிட்டால் வேலை என்னவோ அரை மணிதான். ஆனால் காலை ஒன்பதுக்கு வந்து, கழற்றிப் பார்த்து, கடைக்குப் போய் வாஷர் வாங்கி, மாட்டி முடிக்கப் பதினொன்று ஆகிவிடும். அதன் பிறகு எந்த மேஸ்திரி அவரை அன்றைய வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்? நாமோ 200 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு "அரை மணி வேலைக்கு இவ்வளவா?" என்று கேட்கிறோம். அவருக்கு ஒரு நாள் பிழைப்பே போய்விட்டது.

அதே நாம் குளியலறையை இடித்துக் கட்டும்போது என்ன செய்கிறோம்? டைல்ஸ் கடைக்காரர் சொன்ன கான்ட்ராக்டரிடம் லட்சக்கணக்கில் கொடுத்துவிடுகிறோம். அவர் வெளியூர் ஆட்களை அழைத்து வந்து முடித்துவிட்டுப் போகிறார். ஆறு மாதம் கழித்துத் தரையில் நீர் கசிந்தால் அவர் போனை எடுப்பதில்லை. அப்போதுதான் தெருக் கொத்தனார் நம் நினைவுக்கு வருகிறார். பெரிய வேலை யாருக்கோ, சில்லறை வேலை மட்டும் இவருக்கு என்றால் அவர் எப்படி ஊரில் இருப்பார்? திருப்பூருக்கோ சென்னைக்கோ போகத்தான் செய்வார்.

நான் தொலைபேசி இலாகாவில் 36 வருடம் வேலை பார்த்தவன். லைனில் ஒரு ஃபால்ட்டைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கம்பம் கம்பமாக அரை நாள் அலைய வேண்டும். எந்தத் தெருவில் எந்தக் கேபிள் எப்படிப் போகிறது என்று மனதில் வைத்திருக்கும் பழைய லைன்மேன் ஒருவர் இருந்தால் அந்த அரை நாள் மிச்சம். வீட்டு வேலையும் அப்படித்தான். நம் வீட்டு அஸ்திவாரத்தையும், தண்ணீர் டேங்க்கிலிருந்து பைப் இறங்கும் வழியையும் அறிந்தவர் ஒருவர் பத்து நிமிட தூரத்தில் இருப்பது, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கும் நம் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய தைரியம்!

ஒரு உதாரணம் சொல்கிறேன். டல்லாஸில் இருக்கும் என் மகன் போன மார்கழிக்குக் குழந்தைகளோடு வருவதாகச் சொன்னான். அங்கே வீட்டுக்கு வீடு பின்புறத்தில் ஃபயர் பிட் வைத்திருக்கிறார்களாம். குளிர்கால மாலையில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்களாம். கும்பகோணத்துக் கொல்லையிலும் ஒன்று வேண்டும் என்றான். அவனே இணையத்தில் தேடிச் சென்னை நிறுவனம் ஒன்றைப் பிடித்தான். அவர்கள் படம் அனுப்பினார்கள்: தரையில் இரண்டடிக் குழி, சுற்றிலும் வழுவழுப்பான ஆற்றுக் கல். விலையைப் பார்த்து எனக்கு மயக்கமே வந்தது.

எங்கள் தெருக் கொத்தனாரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். "குழி வேணாம் சார். ஐப்பசியில இது கிணறா ஆயிடும். மேடா கட்டுவோம்" என்றார். காவிரிப் படுகையில் அடைமழைக் காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வரும் என்பது அவருக்குத் தெரியும். ஆற்றுக் கல்லும் வேண்டாம் என்றார். ஈரம் குடித்த கல் சூட்டில் வெடித்துத் தெறிக்கும், பக்கத்தில் குழந்தைகள் உட்காருவார்கள் என்றார். பயர் பிரிக் வாங்கலாமா என்று கேட்டேன். "வருசத்துல நாலு நாள் எரிக்கிறதுக்கு நாட்டுச் செங்கல் போதும்."

இரண்டு நாளில் கட்டினார். அடியில் உடைசெங்கலும் மணலும் பரப்பி, தண்ணீர் வடிய வழி விட்டார். உள்வட்டத்துக்குச் சிமெண்ட் போடவில்லை, சூட்டில் அது விரிசல் விடும் என்று களிமண்ணோடு மணலும் உமியும் பிசைந்து வைத்துக் கட்டினார். சிமெண்ட் கலவை வெளிவட்டத்துக்கு மட்டும்தான். இரண்டுக்கும் நடுவில் மணல். காற்றுப் போக அடியில் நாலு இடத்தில் துவாரம். தென்னை மரத்தை விட்டு நன்றாகத் தள்ளி இடம் பார்த்தார், காய்ந்த மட்டை விழுந்தால் ஆபத்து என்று. பத்து நாள் காய விட்டு, முதல் நெருப்பைச் சிறிதாக மூட்டச் சொன்னார். அவர் கூலி, சித்தாள் கூலி, செங்கல், மணல் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்குள் முடிந்தது. இந்த யோசனையெல்லாம் அவர் அம்மா வீட்டில் நெல் அவித்த அடுப்பிலிருந்து கற்றது என்றார்.

இதைப் படித்துவிட்டு எல்லா வேலைக்கும் ஒருவரையே கூப்பிட்டுவிடாதீர்கள். கொத்து வேலை தெரிந்தவரிடம் "அப்படியே அந்தப் பிளக்கையும் பாருங்க" என்பது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். மின்சாரத்துக்கு உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் முதல் வேலையாக அதைப் போடச் சொல்லுங்கள். கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காப்பாற்றும். செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரியை வரவழையுங்கள். "கொஞ்சம் இறங்கிப் பாருப்பா" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். உள்ளே இருக்கும் விஷ வாயு ஒரு நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். அப்படிப் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

மற்ற வேலைகளுக்கு நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இது. சில்லறைப் பழுதுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வருவேன். ஏழெட்டுச் சேர்ந்ததும் ஒரு முழு நாள் வேலையாகக் கொடுத்து, முழு நாள் கூலி தருவேன். அவசரத்துக்கு அரை மணி வந்தாலும் அரை நாள் கூலிக்குக் குறைத்ததில்லை. பெரிய வேலையென்றால் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு ரூபாய், எத்தனை நாள் என்று இருவரும் பேசி எழுதிக்கொள்வோம். முன்பணம் சாமானுக்கு மட்டும். இதனால் எனக்கு "நாளைக்கு" என்ற பதில் அனேகமாக வருவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடுகிறது. சாரத்தில் ஏறும் அவருக்கு? தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994லேயே வந்துவிட்டது. 18 முதல் 60 வயதுக்குள் பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. பதிவு செய்யாமலோ, புதுப்பிக்காமல் விட்டோ இதையெல்லாம் இழப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் படிவமும் அலைச்சலும்தான். படிவம் நிரப்புவதில் நமக்குத்தான் ஆயுள் முழுக்கப் பழக்கம் இருக்கிறதே! அடுத்த முறை அவர் வரும்போது காப்பி கொடுத்துக்கொண்டே "வாரியத்துல பதிஞ்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். ஒரு மாலை நேரம் போதும்.