அப்பா ஹெட்கிளார்க்... மகள் லெப்டினன்ட்!

கையில் ஃபில்டர் காபி, மடியில் பேப்பர், மனசில் நிம்மதி. இந்த மூன்றும் ஒரே சமயத்தில் ஒரு குடும்பஸ்தனுக்கு வாய்த்தால் விதிக்குப் பொறுக்குமா? போன ஞாயிற்றுக்கிழமை பொறுக்கவில்லை.

"அப்பா, நீட் மார்க்கை வெச்சு மிலிட்டரி நர்ஸிங்குக்கு அப்ளை பண்ணப் போறேன்" என்றாள் மகள்.

"நர்ஸா?" என்றேன்.

ஒரே ஒரு வார்த்தைதான் சார். ஆனால் நான் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே... சமையலறையில் வெங்காயம் நறுக்கும் சத்தம் சட்டென்று நின்றது. புயலுக்கு முன் வருமே, அந்த மாதிரி ஓர் அமைதி.

"ஏம்ப்பா, டாக்டர்னு சொல்லியிருந்தா தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்திருப்பீங்க. நர்ஸ்னா மட்டும் ஏன் கேள்விக்குறி?"

"அதுக்கில்லம்மா. ராத்திரி டியூட்டி, எங்கேயோ பனிமலை, பாலைவனம்... நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா..."

"அட, அதே டயலாக்!" என்றபடி வெளியே வந்தாள் என் சகதர்மிணி. கையில் கத்தி. "உங்கம்மா சொன்னது. ஒரு எழுத்து மாறலை!"

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2001-ல் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண், ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். கேசரி, பஜ்ஜி எல்லாம் அமோகம். நானே ரெண்டு பிளேட் உள்ளே தள்ளினேன். கிளம்பும் நேரத்தில் அந்தப் பெண் என்னைப் பார்த்து நேராகவே கேட்டாள். "எனக்கு மாசத்துல பத்து நாள் நைட் டியூட்டி வரும். உங்களுக்குப் பரவாயில்லையா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று எழுந்து வந்தோம். லெட்டர் போடவில்லை. இதைக் கல்யாணமான புதிதில் மனைவியிடம் உளறித் தொலைத்தேன். (புது மாப்பிள்ளைகளே, உஷார்! மனைவிமார் எதையும் மறப்பதில்லை.)

திங்கட்கிழமை ஆபீஸில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். பக்கத்து சீட் நண்பர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்பு சொன்னார். "மிலிட்டரியா இருந்தா என்ன, ஊசி ஊசிதானே சார்!"

புதிதாகச் சேர்ந்த பிரம்மச்சாரிப் பையன் மட்டும் ஆர்வமாக ஓடி வந்தான். "சார், நமக்கு ஏதாவது சான்ஸ் உண்டா?"

வேலையைத்தான் கேட்கிறான் என்று நல்ல மனதோடு எடுத்துக்கொண்டு பதில் சொன்னேன். தம்பி, ராணுவ நர்ஸிங் சர்வீஸ் முழுக்கப் பெண்கள் ராஜ்யம். ஆண்கள் ராணுவ மருத்துவப் பிரிவில் 'நர்சிங் அசிஸ்டன்ட்' ஆகலாம். ஆனால், அது சிப்பாயாகச் சேரும் வேலை. அதிகாரி கிடையாது.

"அப்போ நர்ஸம்மா அதிகாரியா?" என்று நண்பர் இப்போதுதான் தலையைத் தூக்கினார்.

அதே கேள்வி எனக்கும் இருந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு ரிட்டயர்டு சுபேதார் இருக்கிறார். வேலூர்ப் பக்கத்துக்காரர். மீசையைப் பார்த்தாலே நாம் அட்டென்ஷனில் நிற்போம். சாயங்காலம் அவரிடம் போனேன்.

"சார், நான் சிப்பாயாச் சேர்ந்து சுபேதார் ஆக இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்க பொண்ணு நாலு வருஷம் படிச்சு வெளிய வர்றப்பவே லெப்டினன்ட். என்னைவிடப் பெரிய ரேங்க்!" என்றார் சிரித்தபடி.

அப்புறம் சிரிப்பு நின்றது.

"1999, கார்கில் சமயம். எனக்குக் கால்ல குண்டுச் சிதறல். ஸ்ரீநகர் ஆஸ்பத்திரியில கிடந்தேன். ஸ்ட்ரெச்சர் வந்துக்கிட்டே இருக்கு. வார்டுல ஒரு கேப்டன் மேடம். ரெண்டு நாளா அவங்க உட்கார்ந்து நான் பார்க்கலை. பக்கத்து கட்டில்ல இருபது வயசுப் பையன், காலை எடுத்துட்டாங்க. யாரோடவும் பேச மாட்டான், சாப்பிட மாட்டான். அந்த மேடம் ராத்திரியில அவன்கிட்ட உட்கார்ந்து, 'உங்கம்மாவுக்கு என்ன எழுதணும், சொல்லு'ன்னாங்க. அவன் ஒரு வார்த்தை சொல்வான், அழுவான். அவங்க எழுதுவாங்க, காத்திருப்பாங்க. ஒரு பக்க லெட்டருக்கு மூணு ராத்திரி ஆச்சு. நாலாம் நாள் காலைல அவனே, 'டீ இருக்கா'ன்னு கேட்டான். என் காலைக் காப்பாத்தினது டாக்டர் சார். அந்தப் பையனைக் காப்பாத்தினது யாரு?"

பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். அவள் நடத்திய வகுப்பின் சுருக்கம் இதோ:

1888 மார்ச் 28 அன்று, பத்து பிரிட்டிஷ் நர்ஸ்கள் பம்பாயில் வந்து இறங்கினார்கள். ராணுவ மருத்துவமனைகளில் நர்ஸிங்கை ஒழுங்குபடுத்தத்தான். இந்திய ராணுவ நர்ஸிங் சர்வீஸ் நிரந்தர அமைப்பானது 1926 அக்டோபர் 1-ல். 1943-ல் வந்த அவசரச் சட்டம் நர்ஸ்களை அதிகாரிகளாக்கியது. 1976-ல் இந்த சர்வீஸின் தலைவி ஜெர்ட்ரூட் ஆலிஸ் ராம் மேஜர் ஜெனரல் ஆனார். இந்திய முப்படைகளிலும் அந்த அந்தஸ்தைத் தொட்ட முதல் பெண்மணி ஒரு டாக்டர் இல்லை சார், ஒரு நர்ஸ்!

"சேர்றது எப்படி?" என்றேன், குரலைக் கொஞ்சம் இறக்கி.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். நீட் எழுதியிருக்க வேண்டும். அந்த மார்க்கை வைத்து முதலில் சலிப்பார்கள். அப்புறம் ஆங்கிலமும் பொது அறிவுத்திறனும் ஒரு தேர்வு, உளவியல் சோதனை, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை. புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு ஊர்களில் ராணுவக் கல்லூரிகள். எல்லாம் சேர்த்தே இருநூற்றுச் சொச்சம் இடங்கள்தான். தங்க இடம், சாப்பாடு, மாதாமாதம் உதவித்தொகை உண்டு. பதிலுக்கு, ராணுவத்தில் பணியாற்றுகிறேன் என்று பத்திரம் எழுதித் தரணும். பாதியில் ஓடி வந்தால் பணம் கட்டணும்.

"கல்யாணம்?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம்!

"படிப்பு முடியறவரைக்கும் கிடையாது. அப்புறம் தாராளமாப் பண்ணிக்கலாம். ஆனா முன்னாடி கதையே வேற, கேளுங்க. 1988-ல ஒரு மிலிட்டரி நர்ஸ் லெப்டினன்ட், கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. 1977-ல போட்ட விதி அப்படி. 1995-ல அந்த விதியை வாபஸ் வாங்கினாங்க. அந்தம்மா விடாம கோர்ட்டுல போராடினாங்க. 2024 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட், கல்யாணத்துக்காகப் பெண்ணை வேலையை விட்டு நீக்கறது பாரபட்சம்னு சொல்லி 60 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவு போட்டுது."

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நடந்த போராட்டம். அங்கே கல்யாணம் செய்துகொண்டதால் வேலை போச்சு. இங்கே நாங்கள், வேலை பார்ப்பதால் கல்யாணம் வேண்டாம் என்று எழுந்து வந்தோம். ரெண்டு பேரில் யார் மட்டம்?

"டாக்டர் சீட் கிடைக்காதுன்னுதான் இதைச் சொல்றியா?" கடைசி அஸ்திரத்தை விட்டுப் பார்த்தேன்.

"இல்லப்பா. பாட்டி ஆஸ்பத்திரியில இருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? அப்ப ஒரு நர்ஸ் அக்கா பாட்டிக்குத் தலை வாரிப் பின்னி விட்டாங்க. பாட்டி சின்னப் பொண்ணு மாதிரி சிரிச்சாங்க. அதுலேர்ந்துதான். மிலிட்டரி ஆசை என்.சி.சி. கேம்ப்ல வந்தது."

2015. அம்மாவுக்குப் பக்கவாதம். பதினோரு ராத்திரி. ரெண்டு மணி, மூணு மணி என்று பார்க்காமல் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, துணி மாற்றியவள் அந்த நைட் டியூட்டிப் பெண்தான். பெற்ற பிள்ளை நான் வராந்தா பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அம்மா குழறிக் குழறிச் சொன்னாள். "யார் பெத்த பொண்ணோ... நல்லா இருக்கணும்."

அம்மாவுக்கு அந்தப் பழைய வீடு ஞாபகம் வந்ததா, தெரியாது. எனக்கு வந்தது. ரெண்டு பிளேட் பஜ்ஜியும், போடாத லெட்டரும்.

பெண் பார்க்கப் போகிற தம்பிகளே, ஒரு வார்த்தை. "நைட் டியூட்டி உண்டு, பரவாயில்லையா?" என்று ஒரு பெண் கேட்டால் அம்மா முகத்தைப் பார்க்காதீர்கள். நீங்களே பதில் சொல்லுங்கள். உங்கள் அம்மாவுக்கும் ஒருநாள் ராத்திரி ரெண்டு மணி வரும்.

"உயரம் குறைஞ்சது 152 சென்டிமீட்டர் இருக்கணும்ப்பா" என்றாள் மகள். சமையலறைக் கதவில் அவளை நிற்க வைத்து, பென்சிலால் கோடு போட்டு, டேப்பைப் பிடித்தேன். 156.

"இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கா" என்றாள் சகதர்மிணி.

"நான்தான் லேட்" என்றேன்.

பத்திரத்தில் பெற்றவன் கையெழுத்தும் வேண்டுமாம். பேனாவுக்கு நேற்றே மை போட்டு வைத்துவிட்டேன்.