தாத்தாவின் ஊர்

கதையும் கவிதையுமாகக் காலம் கழியும் என்று நினைத்துத்தான் எம்.ஏ. தமிழ் படித்தேன். என்னைத் தேடி வருவதோ கிரயப் பத்திரம், பட்டா, பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ். சித்தூரில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன் தலையெழுத்து இது. கொள்ளுப்பாட்டன் தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார். கொள்ளுப்பேரனுக்குத் தெலுங்குதான் படிக்க வரும். நடுவில் உட்கார்ந்து இருவரையும் பேச வைப்பது என் பிழைப்பு.

சில மாதங்களுக்கு முன் திருப்பதியிலிருந்து ஓர் அழைப்பு. மலேசியாவிலிருந்து வந்த யாத்ரிகர். கிள்ளான் பக்கத்துக்காரர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது எழுபதுக்கு மேல். பெருமாளைச் சேவித்தாயிற்று, இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது என்றார். லாட்ஜ் அறையில் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். அவருடைய தாத்தா கப்பல் ஏறிய காலத்துக் காகிதத்தின் நகல். ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர் கடித்துக் குதறப்பட்டிருந்தது. ஜில்லா வட ஆற்காடு என்றிருந்தது. அதை நம்பி வேலூரிலும் ஆரணியிலும் இரண்டு நாள் அலைந்திருக்கிறார்.

"ஐயா, தப்பான ஜில்லாவில் தேடியிருக்கீங்க" என்றேன்.

சித்தூர் தனி ஜில்லாவானது 1911-இல். அவர் தாத்தா அதற்கு முன்பே கப்பல் ஏறியவர். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போயிற்று. 1960-இல் திருத்தணி மட்டும் இந்தப் பக்கம் திரும்பியது. 2022-இல் திருப்பதியே தனி மாவட்டமாயிற்று. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, பெயர்ப்பலகைகள்தான் மாறிக்கொண்டிருக்கின்றன. குதறப்பட்ட பெயரை நாலைந்து விதமாக வாய்விட்டுப் படித்துப் பார்த்ததில், நகரிக்குப் பக்கத்து ஊராக இருக்கலாம் என்று பட்டது. மறுநாள் காலை காரில் கிளம்பினோம்.

புத்தூர் தாண்டும்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் தாத்தா ஊரைத் தேடி அலையறேன் சார். எங்க நாட்டுல சில பேருக்குத் தாத்தா ஊரைத் தயார் பண்ணியே கொடுத்துட்டாங்க!"

அவர் சொன்னது மலேசியக் கால்பந்து அணியைப் பற்றி. 2025 ஜூனில் ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் மலேசியா வியத்நாமை 4-0 என்று வென்றது. நாடே கொண்டாடியது. செப்டம்பரில் குண்டு விழுந்தது. அணியில் ஆடிய ஏழு வெளிநாட்டுப் பிறவிகளின் ஆவணங்கள் போலியானவை என்று ஃபிஃபா தீர்ப்பளித்தது. பெற்றோரோ, தாத்தா பாட்டியோ ஒரு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம் என்று விதி இருக்கிறது. இந்த ஏழு பேரின் தாத்தா, பாட்டிகளும் மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காகிதம் காட்டப்பட்டது. மூலப் பதிவேடுகளைத் தேடிப் பார்த்தால், அவர்கள் பிறந்தது அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து. ஏழு பேருக்கும் ஓராண்டுத் தடை. மலேசியக் கால்பந்து சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடியாகி, வழக்கு விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது.

காகிதத்தோடு மாரடிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்தச் செய்தியில் தனி அக்கறை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இது செய்தி அல்ல, வலி. ஏனென்றால் அவர் இன்னொரு மலேசிய அணியைக் கண்ணால் பார்த்தவர்.

மலேசியா சின்ன நாடு. இன்றைக்கும் அதன் மக்கள்தொகை தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பாதிகூட இல்லை. 1957-இல் சுதந்திரம் பெற்ற கையோடு துங்கு அப்துல் ரகுமான் மெர்டேக்கா கோப்பைப் போட்டியைத் தொடங்கினார். அப்போது ஆசியக் கால்பந்தில் இந்தியா பெரிய அண்ணன். 1959-லும் 1964-லும் அந்தக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடியது. அங்கே பெருவுக்கு எதிராகக் கோல் போட்டவர் நம் சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் அதுதான். நாம் இறங்கிய ஏணியில் மலேசியா ஏறியது. 1971-இல் சியோலுக்கே போய் ஜப்பானையும் தென் கொரியாவையும் தோற்கடித்து மியூனிக் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. எம். சந்திரன் ஆடிய அந்த அணி, மியூனிக்கில் மேற்கு ஜெர்மனியிடமும் மொராக்கோவிடமும் தோற்றாலும் அமெரிக்காவை 3-0 என்று வென்றது. 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வட கொரியாவை வீழ்த்தி வெண்கலம் வாங்கியது.

"ஆனா சார், 1980 மாதிரி வராது" என்றார் பெரியவர். அந்த வருஷம் ஏப்ரல் 6-ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் அவர் இருந்திருக்கிறார். மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறுவதற்கான கடைசி ஆட்டம். எதிரணி தென் கொரியா. கிள்ளானிலிருந்து பஸ் பிடித்துப் போய், இருக்கை கிடைக்காமல் நின்றுகொண்டே பார்த்தாராம்.

அந்த அணியின் பட்டியலைப் படித்தாலே நாட்டின் சரித்திரம் புரிந்துவிடும். தடுப்பு வரிசையில் சோ சின் ஆன் என்ற சீனர். 'தௌக்கே', அதாவது முதலாளி என்று செல்லப்பெயர். அவர் பக்கத்தில் சந்தோக் சிங் என்ற பஞ்சாபி. முன்வரிசையில் சபாவிலிருந்து வந்த ஹசன் சானியும் ஜேம்ஸ் வோங்கும். கோல் கம்பங்களுக்கு நடுவே ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் எந்தப் பந்தையும் எட்டிப் பிடித்ததால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த தமிழர்.

ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கும்போது ஹசன் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் உள்ளே தள்ளினார். மலேசியா 2, தென் கொரியா 1. "பக்கத்துல நின்ன மலாய்க்காரர் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். அவர் யாரு என்னன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது" என்றார் பெரியவர். பதினோரு ஆண்டுகளுக்கு முன், 1969 மே 13-இல், அதே கோலாலம்பூர் தெருக்களில் இனக் கலவரத்தில் ரத்தம் ஓடியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் தழுவலின் எடை தெரியும்.

அந்த அணி மாஸ்கோ போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசிய அரசு ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. நம் ஹாக்கி அணி மாஸ்கோவுக்குப் போய்த் தங்கத்தோடு திரும்பியது. அந்த மலேசிய ஆட்டக்காரர்களுக்கோ மைதானத்தில் கிடைத்த வெற்றி காகிதத்தோடு நின்றுவிட்டது. ஆறுமுகம் 1988 டிசம்பரில் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 35.

பிறகு சரிவு. 1994-இல் ஆட்டத்தை விலைபேசும் ஊழல் அம்பலமாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களே தடைகளில் கரைந்துபோனார்கள். நடுவில் ஒரு வெளிச்சம். கே. ராஜகோபால் என்ற தமிழர் பயிற்சியாளராக வந்தார். 2009-இல் தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம். 2010 டிசம்பரில் இந்தோனேஷியாவை இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 4-2 என்று வென்று முதல் முறையாகத் தென்கிழக்கு ஆசியக் கோப்பை. அரசு பொது விடுமுறை விட்டது. ஆனால் 2015-இல் ஐக்கிய அரபு எமிரேட்ஸிடம் 10-0. 2018-இல் உலகத் தரவரிசையில் 178-ஆம் இடம். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் தென் கொரியாவோடு 3-3 என்று சமன் செய்தபோது பழைய ரத்தம் கொஞ்சம் ஓடியது. அடுத்த ஆண்டே இந்தப் போலித் தாத்தாக்கள்.

ஏன் இப்படி? நிர்வாகம், பணம், அரசியல் என்று மலேசியர்கள் பல காரணம் சொல்வார்கள். பெரியவர் சொன்ன காரணம் எளிமையானது. ரப்பர் தோட்டங்களில் லயம் இருக்கும், கோயில் இருக்கும், தமிழ்ப் பள்ளி இருக்கும், கள்ளுக்கடை இருக்கும். கூடவே ஒரு திடலும் இருக்கும். விடியற்காலைப் பிரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர்கள் மாலையில் அங்கே பந்தாடினார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். பின்னால் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டன. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது. அதுவும் போய்க் குடியிருப்புகள் வந்தன. திடல் போனது. திடலோடு பிள்ளைகளும் பட்டணத்துப் புறம்போக்குக்குப் போனார்கள். "முதல்ல எங்க திடலை வித்தாங்க. அப்புறம் ஆளு இல்லேன்னு வெளிநாட்டுல தேடினாங்க" என்றார்.

வெளிநாட்டில் பிறந்தவன் ஆடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மலேசியாவையே பாதி காலி செய்ய வேண்டியிருக்கும். கப்பல்களில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் 1980-இல் அந்த நாட்டுக்காக ஆடினார்கள். உறுத்துவது வேறு. அதே நாட்டில்தான் தலைமுறைகளாக ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்து, வளர்ந்து, செத்த தமிழர்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று குடியுரிமை மறுக்கப்பட்டது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அந்த மண்ணிலேயே பிறந்தவனுக்குக் காகிதம் கிடைக்கவில்லை. அந்த மண்ணைப் பார்த்திராத தாத்தாவுக்கு அவர் பெயரில் பிறப்புச் சான்றிதழே கிடைத்துவிட்டது. ஃபிஃபா விதித்த அபராதம் முதல் தவறுக்கு அல்ல, இரண்டாவதுக்கு மட்டும்தான்.

ஒரு சின்ன நாட்டுக்கு அணி என்பது வெறும் பதினோரு பேர் இல்லை. 'நாம்' என்றால் யார் யார் என்று அந்த நாடு தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் பட்டியல் அது. 1980-இல் அந்தப் பட்டியலை மைதானம் எழுதியது. 2025-இல் அதை ஓர் அலுவலக மேஜை எழுதப் பார்த்தது. காகிதத்தில் பிறந்த அணி காகிதத்திலேயே தோற்றதில் ஆச்சரியமில்லை.

நகரி வந்தது. விசாரித்துப் போன ஊரின் பெயர் காகிதத்துக்கு ஏறக்குறையப் பொருந்தியது. ஆனால் தாத்தாவின் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. நூற்றுப் பத்து வருஷத்துக்கும் முன்பே கிளம்பிப் போனவரை யார் நினைவு வைத்திருப்பார்கள்? பள்ளிக்கூடத்துத் திடலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். இதுதான் அந்த ஊர் என்று நான் சான்று எழுதித் தர முடியாது, அவரும் கேட்கவில்லை.

பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். மலேசியா என்றதும் ஒருவன் கேட்டான்: "தாத்தா, உங்க ஊர்ல பெரிய பிளேயர் யாரு?"

"ஆறுமுகம்" என்றார் பெரியவர்.

பையன் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "நம்ம ஊர்ப் பேருதான்" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு பந்து வீச ஓடினான்.