விடுபட்ட அரைத் தேக்கரண்டி



அண்மையில் ஓர் இல்லத்தில் எனக்கு அப்பிள் கேக் பரிமாறப்பட்டது. அதனோடு அதன் கதையையும் கூறினார்கள். அவர்களது சம்மதத்துடன், பெயர்களைத் தவிர்த்து, அதனை இங்கே பகிர்கின்றேன்.

அக்குடும்பத்தில் மூன்று சகோதரிகள். நடுவில் பிறந்தவர் போர்க்காலத்தில் ஜேர்மனியில் தஞ்சமடைந்தார். அயல்வீட்டு ஜேர்மனிய மூதாட்டி ஒருவர் அவருக்கு இக்கேக்கைச் செய்யக் கற்றுக்கொடுத்தார். ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காத காலம் அது. ஆகவே அவர் அருகில் நின்று அளந்து காட்டி, அனைத்தையும் தாளில் குறித்தும் கொடுத்தார்: கோதுமை மா 250 கிராம், சீனி 150 கிராம், பட்டர் 125 கிராம், முட்டை 3, தயிர் அரைக் கோப்பை, புளிப்பான அப்பிள் 3, சிறிது கறுவாத்தூள், சமையல் சோடா அரைத் தேக்கரண்டி.

இச்செய்முறை ஊரிலிருந்த மூத்த சகோதரிக்கு வந்து சேர்ந்தது. இளையவர் அதனைக் கேட்டபோது, காணிப் பிணக்கினால் மனங்கசந்திருந்த மூத்தவர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். சமையல் சோடாவை மட்டும் எழுதவில்லை. தயிரின் புளிப்போடு சோடா சேரும்போது எழுகின்ற காபனீரொட்சைட்டு வாயுவே மாவைப் பொங்கச் செய்வது. அஃதின்றி இளையவரின் கேக் களிபோல் அமர்ந்துவிட்டது.

அவர் ஜேர்மனிக்குத் தொலைபேசியில் பேசி உண்மையை அறிந்துகொண்டார். மீண்டும் செய்தார். ஈர்க்கினால் குத்திப் பார்த்து, மா ஒட்டாமல் வந்ததும் இறக்கி, ஆறவைத்து, முதல் துண்டை அக்காவின் வீட்டிற்கே கொண்டுசென்றார். அதனைக் கையில் வாங்கிய அக்கா, “நான் வேணுமெண்டுதான் அதை எழுதாமல் விட்டனான், தங்கச்சி” என்று அழுதார். காணிப் பிணக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் இருவரும் இப்போது பேசிக்கொள்கின்றனர்.

மொழி அறியாத அந்நியர் முழுமையாகக் கொடுத்ததை, உடன்பிறந்தவர் குறைத்துக் கொடுத்தார். இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. புனித பவுல் தாம் ஆண்டவரிடமிருந்து பெற்றுக்கொண்டதையே கொரிந்தியருக்கு ஒப்படைத்ததாக எழுதுகின்றார். அதே கடிதத்தில், ஆண்டவரின் விருந்துக்குக் கூடுமிடத்தில் ஒருவர் பசித்திருக்க மற்றவர் குடிவெறி கொள்வதைக் கடிந்துரைக்கின்றார். அப்பமும் கிண்ணமும் அங்கே இருந்தன. பகிர்வு மட்டும் விடுபட்டிருந்தது.

நாமும் பிள்ளைகளுக்குச் செபமாலை சொல்லக் கற்பிக்கின்றோம். முதல் நன்மைக்கு வெண்ணாடை உடுத்தி அனுப்புகின்றோம். அதே நாவினால், “சித்தி வீட்டு வாசலை மிதிக்காதே” என்றும் சொல்லிக் கொடுக்கின்றோம். விசுவாசத்தின் செய்முறையில் மன்னிப்பை எழுதாமல் விட்டுவிட்டு, பிள்ளைகளின் விசுவாசம் பொங்கவில்லையே என்று பங்குத்தந்தையிடம் வந்து வருந்துகின்றோம். பங்குத்தந்தையரும் இதற்கு விலக்கல்லர். பகைத்திருக்கும் இரு குடும்பங்களும் முன்வரிசையில் அமர்ந்திருக்கக் கண்டு, மன்னிப்பைப் பற்றிய மறையுரையை நான் மென்மையாக்கியதுண்டு.

விடுபட்டது அளவிற் சிறியதுதான். அதனை எழுதிச் சேர்க்க ஒரு வரி போதும். அந்த வாசல்வரை நடந்துசெல்லச் சில அடிகள் போதும். இவ்வாரம் நாம் யாருடைய வாசலுக்குச் செல்லவேண்டியிருக்கின்றது?

ஆண்டவரே, நீர் எமக்கு முழுமையாகத் தந்ததை, குறைக்காமல் பிறருக்குக் கொடுக்கும் மனத்தை எமக்குத் தாரும். ஆமென்.