நேவிக்காரர் வீட்டுக்கு என்ன குறை?

“நேவிக்காரர் வீட்டுக்கு என்னங்க குறை? மாசம் பொறந்தா சம்பளம், கேன்டீன் சாமான், கடைசியில பென்ஷன்.” வில்லியனூர் கடைத்தெருவில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க முடியாது. சரக்குக் கப்பல் வேலையையும் போர்க்கப்பல் வேலையையும் ஒன்றாக்கி லட்சங்களில் கணக்குப் போடுபவர்களும் உண்டு. ஏதோ தெரியாமல் பேசுகிறார்கள் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. இந்தப் பேச்சு ஒரு குடும்பத்தை ஊருக்கு நடுவிலேயே தனியாக நிறுத்திவிடுகிறது.

நம்மிடம் இது பழைய பழக்கம். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா வரை போன சொல்தாக்களின் வீடுகள் புதுச்சேரிக்குப் புதிதல்ல. அவர்களைப் பற்றி இன்றும் ஊர் பேசுவது பிரெஞ்சு பென்ஷன் எவ்வளவு என்றுதான். அங்கே என்ன பார்த்தார்கள், திரும்பிய பிறகு எப்படித் தூங்கினார்கள் என்று கேட்டவர் குறைவு. அந்தப் பென்ஷன் கண்ணாடியைத்தான் இன்றைய மாலுமியின் வீட்டுக்கும் மாட்டுகிறோம்.

கடலோரத்தில் இப்படி இல்லை. பாகூர் கொம்யூனில் நரம்பையிலோ பனித்திட்டிலோ ஒரு படகு சொன்ன நேரத்துக்குக் கரை திரும்பாவிட்டால் குப்பமே மணலில் வந்து நிற்கும். அந்த வீட்டில் அன்று உலை வைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுச் சோறு வந்துவிடும். வில்லியனூர் வயலும் சுடுமண்ணுமான ஊர். சங்கராபரணி உண்டு, கடல் கிடையாது. இங்கே ஒருத்தி கணவனைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறாள் என்பது அடுத்த வீட்டுக்கே உறைப்பதில்லை.

எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண். மாமியாருக்கு நெஞ்சுவலி வந்த இரவில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளே ஆட்டோ தேடி ஓடினாள். மறுநாள் பார்க்கப் போனவர்கள் கேட்ட முதல் கேள்வி, “வீட்டுக்காரருக்குப் போன் போட்டியாம்மா?” எங்கே போடுவாள்? உளவு வழக்கில் மாலுமிகள் கைதானதை அடுத்து, 2019 டிசம்பரில் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்குத் தடை வந்தது. தடைக்குக் காரணம் நியாயமானதுதான். பாரம் வந்து விழுந்தது வீட்டின்மேல். நீர்மூழ்கிக்காரர் வீடென்றால் இன்னும் கொடுமை. சிந்துகோஷ் வகைக் கப்பல் ஒரே மூச்சில் 45 நாள் வரை கடலில் இருக்கக்கூடியது. திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் முழுகிக் கிடக்கும் கப்பலுக்குச் செய்தி அனுப்பும். அந்த வழியில் பதில் திரும்பி வராது.

“துபாய் போனவன் பெண்டாட்டியும் தனியாத்தானே இருக்கா?” என்று மடக்குவார்கள். துபாய்க்காரர் இரவில் கூப்பிடுகிறார். பிடிக்காவிட்டால் வேலையை உதறிவிட்டு விமானம் ஏறலாம். 2022-க்கு முன் சேர்ந்த மாலுமி 15 ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டவர். நினைத்தபோது இறங்கிவர முடியாது. 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில், கரையோரம் கட்டியிருந்த சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் மாண்டார்கள். கரையில் நிற்கும் கப்பலே அப்படி என்றால், நடுக்கடலில் இருப்பவரை நினைத்து ஒருத்தி எப்படிக் கண் மூடுவாள்?

“என்ன குறை?” என்ற நம்பிக்கைக்கு இன்னொரு முகம்: படைக்காரன் கலங்கமாட்டான். 2022-ல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன கணக்குப்படி ஐந்து ஆண்டுகளில் முப்படையிலும் தற்கொலை செய்துகொண்டவர்கள் 819 பேர். அதில் கடற்படையினர் 29. சிறிய எண் என்று யாரும் சொல்ல வேண்டாம். தரைப்படையின் ஆள்பலத்தில் கடற்படை பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மனம் சரியில்லை என்று வாய் திறந்தால் மெடிக்கல் கேட்டகரி இறங்கிவிடும், கப்பல் போய்விடும், பதவி உயர்வு நின்றுவிடும் என்ற பயம் மாலுமிகளிடம் உண்டு. ஒரு மாலுமியின் குறை கேட்க வேண்டியவர் டிவிஷனல் ஆபீசர். அதே ஆபீசரின் மதிப்பீட்டில்தான் அவர் மேலே ஏறவும் வேண்டும். அவரிடம் என்னவென்று அழுவார்? பிரிட்டிஷ் கடற்படை இதை யோசித்திருக்கிறது. அங்கே கப்பல் பாதிரியாருக்குப் பதவி நிலையே கிடையாது. யாரோடு பேசுகிறாரோ அவருக்குச் சமமானவராக உட்காருவார். பாதிரியாரா பூசாரியா என்பது எனக்கு முக்கியமில்லை. பட்டை போடாத ஒரு காது வேண்டும்.

ஏற்பாடுகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடற்படை மனைவியர் நலச் சங்கம் என்ற பெயரில் ஓர் அமைப்பு 1986-ல் தொடங்கியது. அதன் கை மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி போன்ற தள நகரங்களில் பலம். மாமனார் மாமியாரோடு வில்லியனூரில் இருப்பவளை யார் தேடி வருவார்கள்? இனி வரப்போவது இன்னும் பெரிது. 2022 இறுதியில் சில்கா பயிற்சித் தளத்தில் சேர்ந்த முதல் கடற்படை அக்னிவீரர்களுக்கு 2026 இறுதியில் நான்கு ஆண்டு முடிகிறது. திட்டப்படி நூற்றில் 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் பென்ஷன் இல்லாமல், இருபதுகளிலேயே வீடு திரும்புவார்கள். “என்ன குறை?” என்ற கேள்வியை அந்தப் பிள்ளைகளிடமும் கேட்கப் போகிறோமா?

முப்படை வீரர் நலத்துறை கொம்யூனுக்கு ஒருவரையாவது இந்த வீடுகளுக்கு மாதம் ஒருமுறை அனுப்ப வேண்டும், படிவம் வாங்க அல்ல, உட்கார்ந்து பேச. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். படையினருக்கென 2023 டிசம்பரில் புனேயில் தனிப் பிரிவும் தொடங்கினார்கள். அந்த எண்ணை நேவிக்காரர் வீட்டில் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். ஒரு டம்ளர் காபி குடித்துக்கொண்டே, “கப்பல் எங்கம்மா இருக்கு, எப்போ வரார்?” என்று கேளுங்கள், அவள் சொல்லி முடிக்கும்வரை இருங்கள்.