சோம்பேறி அல்ல

ஏடிஹெச்டி எனும் கவனக்குறைபாடுள்ள பிள்ளை வசதியான வீட்டில் பிறந்தால் ‘துறுதுறுப்பு’ என்பார்கள். சேரியில் பிறந்தால் ‘இதுங்களுக்குப் படிப்பு ஏறாது’. இரண்டாவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். என் பிரச்சனைக்குப் பெயர் கிடைத்தபோது வயது 27.

இன்று ஒரு விண்ணப்பத்தைப் பார்த்து மலைத்து உட்கார்ந்தால் சாட்ஜிபிடியிடம் கேட்கிறேன். முதலில் சாதிச் சான்றிதழை எடுத்து வை, பிறகு புகைப்படம் என்று சின்னச் சின்ன வேலையாகப் பிரித்துத் தருகிறது. பத்து முறை கேட்டாலும் சலித்துக்கொள்வதில்லை (எந்த வாத்தியாரிடமும் நான் காணாத பொறுமை!). தப்பும் சொல்லும் என்பதால் கடைசித் தேதியை மட்டும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் தேர்வறையில் கூடுதல் நேரத்தை எந்தச் செயலி தரும்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு. ஏடிஹெச்டி பெயரளவில்கூட இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை, தோழர்களே.